சண்டர்லேண்ட் 2025-26: பிரீமியர் லீக்கில் நிற்குமா இந்த அணி? கோடைக்கால ஆள் எடுப்பை அலசும் இழை

கறுப்புப்பூனை | 13 ஆகஸ்ட் 2025

சனிக்கிழமை வெஸ்ட் ஹாம் வருகிறது. 2017-இல் 24 புள்ளியோடு கடைசி இடத்தில் இறங்கிய பிறகு ஸ்டேடியம் ஆஃப் லைட்டில் நடக்கப்போகும் முதல் பிரீமியர் லீக் ஆட்டம் அது. நடுவில் மூன்றாம் நிலை லீக்கான லீக் ஒன் வரை போய் வந்த அணி இது. ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் முடிவை வைத்தே எல்லாவற்றையும் பேச ஆரம்பித்துவிடுவோம். அதற்கு முன்னால் ஆள் எடுப்பை மட்டும் தனியாக அலசிவிடலாம்.

எப்படி மேலே வந்தோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம், 76 புள்ளி. லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100. லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. முதல் இரண்டு அணிகள் நேராக ஏறிவிட, மூன்றாவது இடத்துக்கு அடுத்த நான்கு அணிகள் மோதும் பிளே-ஆஃப் வழியாகத்தான் வந்தோம். கோவென்ட்ரிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் பல்லார்ட் தலையால் முட்டிய கோல், வெம்பிளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக 95வது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோல். இந்த இரண்டும்தான் நம்மை மேலே தூக்கின. அதனால் ஏறிய அணியை அப்படியே வைத்து ஆடலாம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

அடுத்து அளவுகோல். கடந்த இரண்டு சீசனிலும் மேலே வந்த மூன்று அணிகளும் ஒரே வருஷத்தில் கீழே போயின. 2023-24-இல் லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. 2024-25-இல் லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்தாம்ப்டன் 12. அதாவது இரண்டு வருஷமும் 17-ஆம் இடத்து அணிக்கு 27 புள்ளி இருந்தாலே தப்பியிருக்கும். 40 புள்ளி என்ற பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மூன்று அணிகளும் நன்றாகச் செலவழிக்கும் வருஷத்தில் கோடு மேலே போகும். நான் 34-35 என்று வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை வந்தவர்கள்: ரோமாவிலிருந்து என்ஸோ லெ ஃபே (கடந்த ஜனவரியில் லோனில், அதாவது இரவலாக வந்தவர், ஏற்றம் கிடைத்ததால் நிரந்தரம்), ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ஹபீப் டியாரா, யூனியன் செயின்ட் கில்வாஸிலிருந்து நோவா சடிக்கி, கிளப் ப்ரூகாவிலிருந்து செம்ஸ்டின் தல்பி, பிரைட்டனிலிருந்து சைமன் அடிங்ரா, லெவர்குசனிலிருந்து கிரானிட் ஷாக்கா, நெய்மேகனிலிருந்து கோல்கீப்பர் ராபின் ரூஃப்ஸ், ஹெதாஃபேயிலிருந்து ஒமர் ஆல்டெரெட்டே. ஃபீ இல்லாமல் ரெய்னில்டோ, மசுவாக்கு. செல்சியிலிருந்து லோனில் மார்க் கியூ. போனவர்களில் பெரியவர்கள் இரண்டு பேர்: ஜோப் பெல்லிங்காம் டோர்ட்முண்டுக்கு, வாட்சன் பிரைட்டனுக்கு.

என் கணிப்பு: நடுக்களத்தை முதலில் கட்டியது சரி. சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) தேடும் வேலையைத் தாமதமாகத் தொடங்கியது தவறு. முன்வரிசை இன்னும் அரைகுறை. உங்கள் பார்வையைச் சொல்லுங்கள். வெறும் உற்சாகம் வேண்டாம், காரணத்தோடு எழுதுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | 13 ஆகஸ்ட்

செலவு 13 கோடி பவுண்டைச் சுற்றி நிற்கிறது. புதிதாக ஏறிய அணி இவ்வளவு கொட்டலாமா, புள்ளி வெட்டுவார்களா என்று பல இடங்களில் கேட்கிறார்கள். அதனால் வழிமுறையைச் சொல்லிவிடுகிறேன்.

பிஎஸ்ஆர் என்பது அணிகளின் நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் விதி. அதன்படி மூன்று வருஷ நஷ்டத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். உரிமையாளர் தன் பணத்தை முதலீடாகப் போட்டால், பிரீமியர் லீக்கில் இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3.5 கோடி, சாம்பியன்ஷிப் வருஷத்துக்கு 1.3 கோடி அனுமதி. நமக்கு ஒரு பிரீமியர் லீக் வருஷம், இரண்டு சாம்பியன்ஷிப் வருஷம். 3.5, 1.3, 1.3 கூட்டினால் 6.1 கோடி. மற்ற அணிகளுக்குள்ள 10.5 கோடி நமக்குக் கிடையாது. அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணிகளுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது.

ஆனால் ஒருவருக்குக் கொடுத்த ஃபீ முழுவதும் ஒரே வருஷத்தில் செலவாக எழுதப்படாது. ஒப்பந்த வருஷங்களால் வகுத்து எழுதுவார்கள், அதிகபட்சம் ஐந்து வருஷம். டியாராவுக்குச் சுமார் 3 கோடி, ஐந்து வருஷம்: வருஷத்துக்கு 60 லட்சம். ஷாக்காவுக்கு முதலில் சுமார் 1.3 கோடி, மூன்று வருஷம்: வருஷத்துக்கு ஏறத்தாழ 43 லட்சம். ஃபீயில் பாதிக்கும் குறைவான ஆள், வருஷக் கணக்கில் முக்கால் பங்கு சுமை. அடுத்த மாதம் 33 வயதாகிறது, திரும்ப விற்கவும் முடியாது. ரூஃப்ஸ் சுமார் 90 லட்சம், ஐந்து வருஷம்: வெறும் 18 லட்சம்.

விற்பனை அப்படியில்லை, லாபம் முழுவதும் உடனே கணக்கில் ஏறும். வாட்சன் அகாடமி பையன், ஃபீ கொடுத்து வாங்காததால் புத்தக மதிப்பு பூஜ்யம். பிரைட்டன் கொடுத்த சுமார் 1 கோடியும் சுத்த லாபம். சம்பளத்தை விட்டுவிட்டால் டியாரா, ஷாக்கா இருவரின் முதல் வருஷச் சுமையை ஏறத்தாழ அந்த ஒரு விற்பனையே தூக்கிவிடுகிறது. அதற்கு மேல் ஜோபுக்காக டோர்ட்முண்ட் கொடுத்த சுமார் 3 கோடி யூரோ.

வருமானத்தையும் பாருங்கள். கடந்த சீசனில் கடைசி இடம் பிடித்த சவுத்தாம்ப்டனுக்கே லீக்கிலிருந்து 10.9 கோடி பவுண்டு வந்தது. இந்த வருஷம் பிரச்சினை இல்லை. ஆபத்து அடுத்த வருஷம்தான்: கீழே போனால் வகுத்து எழுதும் சுமை அப்படியே தொடரும், வருமானம் பாதிக்கும் கீழே விழும். அணி கீழே இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனை எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதுதான் இந்த மறுகட்டமைப்பின் உண்மையான காப்பீடு.

---

எல்லைக்கோடு | 13 ஆகஸ்ட்

அண்ணே, கணக்கெல்லாம் சரி. கோல் யார் அடிப்பாங்க? இசிதோர் சாம்பியன்ஷிப்ல அடிச்சது 12. மயெண்டாவுக்கு 20 வயசு. கியூவுக்கு 19. லீக் முழுக்க அணி அடிச்சதே 46 ஆட்டத்துல 58. இதே மூணு பேரை வச்சு வான் டைக், சலிபா மாதிரி ஆளுங்களுக்கு எதிரா எத்தனை கோல் எதிர்பார்க்கிறீங்க? நடுக்களத்துல மட்டும் இவ்வளவு பணம் போட்டுட்டு ஸ்ட்ரைக்கர் இடத்துல லோன் பையனை நிறுத்துறது பெரிய ஓட்டை. 15 கோல் அடிக்கிற ஆள் ஒருத்தர் வராம இந்த அணி நிக்காது.

---

நடுவரிசை | 13 ஆகஸ்ட்

எல்லைக்கோடு, அக்கறை நியாயமானது. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது.

இறங்கிய ஆறு அணிகளும் வாங்கிய கோல்களைப் பாருங்கள். லூட்டன் 85, பர்ன்லி 78, ஷெஃபீல்ட் யுனைடெட் 104, லெஸ்டர் 80, இப்ஸ்விச் 82, சவுத்தாம்ப்டன் 86. மிகக் குறைவே 78, ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல். இதில் லூட்டனைத் தனியாகக் கவனியுங்கள்: அவர்கள் அடித்தது 52. அதே வருஷம் 17-ஆம் இடத்தில் தப்பித்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அடித்தது 49, வாங்கியது 67. நான்கு புள்ளி வெட்டப்பட்ட பிறகும் ஃபாரஸ்ட்டுக்கு 32. அடித்ததில் லூட்டன்தான் மேலே. வாங்கியதில் இருந்த 18 கோல் வித்தியாசம் அவர்களை இறக்கிவிட்டது.

ஆட்டத்துக்கு இரண்டு கோல் வாங்கும் அணிக்கு 15 கோல் ஸ்ட்ரைக்கர் வந்தாலும் 2-1, 3-1 என்று தோற்கும். 65 முதல் 68-க்குள் நிறுத்தினால் 38 முதல் 40 கோல் அடித்தாலே போதும், 1-0, 1-1 ஆட்டங்கள் நம் பக்கம் வரும். கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது என்றால், எதிரணி நம் பெனால்டி பெட்டிக்குள் வருவதைக் குறைப்பதில். அதற்கு நடுக்களமும் கோல்கீப்பரும் சென்டர் பேக்கும்.

இனி நடுக்களம். நம் கோச் லெ ப்ரிஸின் அணி பந்து இல்லாதபோது நடுப்பகுதியில் இறுக்கமாக நிற்கும், மேலே போய்க் கண்மூடித்தனமாக அழுத்தாது. இந்த முறையில் ஷாக்கா ஏன் பொருந்துகிறார்? அவர் திரும்பி ஓடுவதில் மெதுவானவர். திறந்த மைதானத்தில் பின்னால் துரத்த வைத்தால் மாட்டிக்கொள்வார். இறுக்கமான அமைப்பில் அவர் நின்ற இடத்திலேயே பாஸ் பாதையை அடைக்கலாம். பந்தைப் பிடித்ததும் இடது காலால் 40 கெஜம் எதிர்ப்பக்க விங்கருக்கு அனுப்பலாம். புதிதாக ஏறும் அணிகள் பெரும்பாலும் பந்தைப் பிடித்த அடுத்த மூன்று நொடியில்தான் மறுபடி இழக்கின்றன. அந்த மூன்று நொடியைத் தாண்ட வைக்கும் ஆள் அவர்.

அவர் ஓடாத தூரத்தை இரண்டு பக்கமும் வேறு யாராவது ஓட வேண்டும். அதற்குத்தான் சடிக்கியும் டியாராவும். சடிக்கி பந்தைப் பறித்து அருகிலிருப்பவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி நிலைக்கு வருவார், தேவையானால் ரைட் பேக்காகவும் நிற்பார். டியாரா பந்தோடு 30 கெஜம் சுமந்து போவார், ஜோப் செய்துகொண்டிருந்த வேலை அது. மூவரும் ஒருவருக்கொருவர் பொருந்துகிறார்கள். தனித்தனியாகப் பார்த்து ஷாக்கா வயதானவர், சடிக்கி கோல் அடிக்க மாட்டார் என்று சொல்வதில் பயனில்லை.

---

பெஞ்ச்பார்வை | 14 ஆகஸ்ட்

யாரும் இன்னும் தொடாத விஷயம்: ஆப்பிரிக்க நாட்டு அணிகள் மோதும் ஆப்பிரிக்கக் கோப்பை. மொராக்கோவில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை.

அழைப்பு வரக்கூடியவர்களைப் பாருங்கள். டியாரா செனகல். சடிக்கி, மசுவாக்கு காங்கோ ஜனநாயகக் குடியரசு. ரெய்னில்டோ மொசாம்பிக். தல்பி மொராக்கோ. அடிங்ரா ஐவரி கோஸ்ட், போன கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோலுக்கும் பாஸ் கொடுத்தவர். ஒரே நேரத்தில் ஆறு பேர் வரை போகலாம். இவர்களில் நான்கைந்து பேர் முதல் பதினொன்றில் ஆடப்போகிறவர்கள்.

அந்தக் காலத்தில் நமக்குள்ள லீக் ஆட்டங்கள் பிரைட்டன், லீட்ஸ், மான்செஸ்டர் சிட்டி, டாட்டன்ஹாம், பிரென்ட்ஃபோர்ட், கிரிஸ்டல் பேலஸ். ஆறு ஆட்டம், 18 புள்ளி. லீட்ஸும் பிரென்ட்ஃபோர்டும் நமக்கு நேர்ப் போட்டியாளர்கள்.

மோசமாக அடிபடுவது லெஃப்ட் பேக் இடம். ரெய்னில்டோ முதல் ஆள், மசுவாக்கு அவருக்கு மாற்று. இருவரும் ஒரே நாளில் கிளம்புவார்கள்! மிச்சம் டென்னிஸ் சர்கின் மட்டும். சர்கினுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டால் அந்த இடத்துக்கே ஆள் இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் எடுக்கும்போது அவர்கள் ஒரே போட்டிக்குப் போகாதவர்களாக எடுப்பது அடிப்படை. அதை இங்கே தவறவிட்டிருக்கிறார்கள்.

இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. செனகலும் காங்கோவும் ஒரே பிரிவில், ஐவரி கோஸ்ட்டும் மொசாம்பிக்கும் ஒரே பிரிவில். மொசாம்பிக் பிரிவில் கேமரூன், காபோனும் இருக்கின்றன, ரெய்னில்டோ பிரிவு ஆட்டங்களோடு திரும்பிவிடலாம். அப்படியானால் ஜனவரி முதல் வாரத்திலிருந்து ஆள் கிடைப்பார். மொராக்கோ தன் ஊரில் ஆடுகிறது, தல்பி அழைக்கப்பட்டால் சீக்கிரம் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

---

கறுப்புப்பூனை | 14 ஆகஸ்ட்

பெஞ்ச்பார்வை, இதை நான் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கவில்லை. நடுக்களத்தின் டேன் நீலையும் கிறிஸ் ரிக்கையும் இந்தக் கோடையில் விற்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். டிசம்பரில் சடிக்கியும் டியாராவும் போனால் ஷாக்காவின் இரண்டு பக்கமும் நிற்கப்போவது அவர்கள்தான். நான்கு மாதம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டிசம்பரில் திடீரென்று 90 நிமிடம் ஆடச்சொன்னால் உடல் தாங்காது. அக்டோபரிலிருந்தே இருவருக்கும் 60-ஆவது நிமிடத்திலிருந்து ஆட்டம் கொடுத்து வர வேண்டும்.

---

பட்டியல்காரன் | 14 ஆகஸ்ட்

லீக்கில் பதிவு செய்யும் 25 பேர் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே.

21 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதிகபட்சம் 25 பேர். அதில் உள்ளூர்ப் பயிற்சி பெறாதவர்கள் 17-ஐத் தாண்டக் கூடாது. 21 ஆகுமுன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் அணிகளில் மூன்று சீசன் பதிவில் இருந்தவர்தான் உள்ளூர்ப் பயிற்சி பெற்றவர், தேசியம் பொருட்டல்ல. இந்த சீசனுக்கு 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் பட்டியலுக்கு வெளியே, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம்.

இதில்தான் நம் ஆள் எடுப்பின் புத்திசாலித்தனம் தெரிகிறது. டியாரா பிறந்தது 2004 ஜனவரி 3. இரண்டு நாளில் தப்பித்தார்! சடிக்கி 2004 டிசம்பர். தல்பி, மயெண்டா 2005. கியூ 2006. ரிக் 2007. இவர்கள் யாருமே 25-இல் இடம் பிடிக்கவில்லை. ரூஃப்ஸ், ஷாக்கா, ரெய்னில்டோ, மசுவாக்கு, ஆல்டெரெட்டே, அடிங்ரா, லெ ஃபே, இசிதோர் ஆகியோர்தான் 17-க்குள் வருகிற முக்கியமானவர்கள். இன்னும் நான்கு பேர் வந்தாலும் இடிக்காது.

லோனிலும் ஒரு வரம்பு உண்டு. மற்ற பிரீமியர் லீக் அணிகளிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, ஒரே அணியிலிருந்து ஒருவருக்கு மேல் கூடாது. கியூ ஒரு இடத்தை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு அணிகளிலிருந்து வரும் லோன் இந்தக் கணக்கில் சேராது.

---

பழையகளம் | 14 ஆகஸ்ட்

எல்லோரும் ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எண்ணிக்கையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே. ஒரே கோடையில் 11 பேர். ஃபுல்ஹாம் 2018-இல் இதைத்தான் செய்தது. பிளே-ஆஃப் வழியாக ஏறி, 10 கோடிக்கு மேல் செலவழித்து, பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்தது. அதில் பலர் கடைசி நாளில் வந்தவர்கள். விளைவு 26 புள்ளி, வாங்கிய கோல் 81. அழகாக ஆடி ஏறிய அணியைக் கலைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் தெரியாத பதினொரு பேரை நிறுத்தினார்கள்.

---

நடுவரிசை | 14 ஆகஸ்ட்

பழையகளம் ஐயா, எண்ணிக்கை மட்டும் காரணமாக இருந்தால் ஃபாரஸ்ட் 2022-இல் தப்பியிருக்கவே கூடாது. ஒரே கோடையில் 20-க்கு மேல் எடுத்தார்கள். 38 புள்ளியில் தப்பினார்கள். அந்த 38-இல் 30 சொந்த மைதானத்தில் வந்தவை.

என் பார்வையில் வித்தியாசம் இரண்டு இடத்தில். முதலாவது, எப்போது வந்தார்கள், எந்த வரிசையில். ஃபுல்ஹாமில் பின்வரிசையே புதிது. கோல்கீப்பரும் சென்டர் பேக்குகளும் சேர்ந்து பயிற்சி எடுக்கவே நேரமில்லை. ஆஃப்சைடு கோட்டை எப்போது தூக்குவது, கிராஸ் வரும்போது முன்கம்பத்தை யார் எடுப்பது, கீப்பர் வெளியே வருவாரா நிற்பாரா என்பவை திரும்பத் திரும்பச் செய்துதான் பழகும், ஐந்தாறு வாரமாவது வேண்டும். விங்கரோ ஸ்ட்ரைக்கரோ தாமதமாக வந்தால் அவ்வளவு சேதமில்லை. நம்முடைய டியாராவும் சடிக்கியும் ஜூலை தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். ஷாக்கா ஜூலை முடிவில். தாமதமானது சென்டர் பேக் மட்டும். லூக் ஓ'நைன் வெம்பிளியில் தோள் இறங்கி வெளியே போனார், மெப்பமின் லோன் முடிந்து போர்ன்மவுத்துக்குத் திரும்பினார். அந்த இடத்தில் இரண்டு பேர் வேண்டும் என்பது மே மாதமே தெரியும். ஆல்டெரெட்டே ஆகஸ்டில்தான் வந்தார். கறுப்புப்பூனை சொன்ன குறை சரியான குறை.

இரண்டாவது, கோச் ஆட்டமுறையை மாற்றிக்கொள்வாரா என்பது. சவுத்தாம்ப்டன் போன வருஷம் கோல்கீப்பரிலிருந்து குட்டிக் குட்டிப் பாஸ் போட்டே ஆடுவோம் என்று பிடிவாதமாக இருந்து தன் பெட்டிக்குள்ளேயே பந்தை இழந்தது. பர்ன்லி 2023-24-இல் அதே தவறு. லெ ப்ரிஸ் லோரியாந்தில் 2022-23-இல் பத்தாம் இடம் பிடித்தவர், அடுத்த வருஷம் இறங்கியவர். இரண்டையும் அனுபவித்தவர். போன சீசனில் சாம்பியன்ஷிப்பிலேயே தேவையானபோது 44 கோல்தான் வாங்கும் அணியாக நிறுத்தினார். நீளமாக அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கத் தயங்காதவர் என்பது எனக்கு ரூஃப்ஸை எடுத்ததை விடப் பெரிய நம்பிக்கை.

---

பழையகளம் | 14 ஆகஸ்ட்

ஃபாரஸ்ட் கணக்கை ஏற்கிறேன். அப்படியானால் சொந்த மைதானத்தில் 25 முதல் 28 புள்ளி என்பதுதான் இந்த அணியின் உண்மையான இலக்கு. ஏறத்தாழ 49,000 பேர் உட்காரும் அரங்கம், அது நடக்கக்கூடியதே.

---

கறுப்புப்பூனை | 15 ஆகஸ்ட்

பிஎஸ்ஜி-யிலிருந்து நோர்டி முக்கியேலே. வலப்பக்கமும் நடுவிலும் ஆடுவார். பிரான்ஸ்காரர், டிசம்பரில் இங்கேயே இருப்பார். பெஞ்ச்பார்வையின் கவலையில் ஒரு பகுதி தீர்ந்தது.

முதல் மூன்று ஆட்டங்கள்: வெஸ்ட் ஹாம் இங்கே, பர்ன்லி அங்கே, பிரென்ட்ஃபோர்ட் இங்கே. மூவரும் கோடையில் ஆட்டம் கண்டவர்கள். வெஸ்ட் ஹாம் குடுஸை டாட்டன்ஹாமுக்கு விற்றது. பர்ன்லியின் கீப்பர் டிராஃபோர்ட் சிட்டிக்குப் போனார், போன சீசனில் 46 ஆட்டத்தில் 16 கோல் மட்டும் வாங்கிய தடுப்பின் தூண் அவர். பிரென்ட்ஃபோர்டில் கோச் ஃபிராங்க், எம்புவேமோ, நோர்கார்ட், கீப்பர் ஃபிளெக்கன் எல்லோரும் போய்விட்டார்கள். இந்த மூன்றில் நான்கு புள்ளி குறைந்தபட்சம்.

ஆட்டம் பார்க்கும்போது ஸ்கோரைத் தவிர எதைக் கவனிக்க வேண்டும் என்று நடுவரிசை சொன்னால் நன்றாக இருக்கும்.

---

நடுவரிசை | 15 ஆகஸ்ட்

ஷாக்காவுக்கும் சென்டர் பேக்குகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். 15 கெஜத்துக்குள் இருந்தால் அமைப்பு வேலை செய்கிறது. எதிரணியின் பத்தாம் எண் ஆள் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவர்) அங்கே திரும்பி நின்று பந்தை வாங்கினால், ஒன்று ஷாக்கா மேலே இழுக்கப்பட்டிருப்பார், அல்லது பின்வரிசை பயந்து பின்வாங்கியிருக்கும். யார் தவறு என்று அறிய சடிக்கி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவர் ஷாக்காவின் கோட்டில் இல்லாவிட்டால் காரணம் அங்கேதான்.

அடுத்து, ரூஃப்ஸ் நீளமாக அடிக்கும் பந்து. முதல் பந்தை இசிதோரோ மயெண்டாவோ வெல்ல வேண்டும் என்பதில்லை, தெறித்து விழும் இரண்டாவது பந்து யாருக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம். டியாரா அதன் கீழே ஓடி வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 65-ஆவது நிமிடம். பெஞ்சில் ஒன்பது பேர், ஐந்து மாற்று. லெ ப்ரிஸ் இரண்டு விங்கர்களையும் ஒன்றாக மாற்றுகிறாரா என்று பாருங்கள். இந்த முறையில் அதிகம் ஓடுவது விங்கர்கள், தடுப்பில் ஃபுல் பேக்குக்கு உதவ இறங்கி வருவது அவர்கள் வேலை. தல்பியும் அடிங்ராவும் களைத்த பிறகு நம் பக்கவாட்டிலிருந்து கிராஸ் மழை தொடங்கும். இறங்கிய அணிகள் பலவும் முன்னிலையைக் கைவிட்டது அங்கேதான். இப்ஸ்விச்சின் போன சீசன் ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தால் புரியும்.

---

பெஞ்ச்பார்வை | 2 செப்டம்பர்

ஆள் எடுக்கும் காலமான விண்டோ நேற்றோடு மூடியது. இழையை மேலே கொண்டுவருகிறேன்.

வெஸ்ட் ஹாமை 3-0, பிரென்ட்ஃபோர்டை 2-1, நடுவில் பர்ன்லியிடம் 2-0 தோல்வி. மூன்று ஆட்டம், ஆறு புள்ளி. பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்தில் ரூஃப்ஸ் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அதுவே வெற்றிக்கும் சமனுக்கும் நடுவில் நின்றது.

எல்லைக்கோடு கேட்ட இடத்தில் கடைசி நாளில் ஆள் வந்துவிட்டார்: அயாக்ஸிலிருந்து பிரையன் பிராபி. நல்லவேளை, ஏனென்றால் செல்சியில் ஸ்ட்ரைக்கர் டெலாப் காயமடைந்ததும் கியூவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். லோன் ஆளைத் திட்டத்தின் நடுவில் வைக்கக் கூடாது என்பதற்கு இரண்டே வாரத்தில் சான்று. லைப்சிக்கிலிருந்து லோனில் லுட்சரெல் ஹெர்ட்ரூடா, அயாக்ஸிலிருந்தே பெர்ட்ராண்ட் திரவோரே. திரவோரே புர்கினா ஃபாஸோ, ஆப்பிரிக்கக் கோப்பைப் பட்டியலில் இன்னும் ஒரு பெயர்.

லெஃப்ட் பேக் எடுக்கவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

எல்லைக்கோடு | 2 செப்டம்பர்

பிராபி வந்ததுல சந்தோஷம். முதுகைக் கொடுத்து பந்தைப் பிடிச்சு நிறுத்துற ஆள், இசிதோர் அப்படி இல்ல. ஆனா நடுவரிசை அண்ணன் சொன்ன வரிசைதான் சரின்னு இப்போ ஒத்துக்கறேன். ரூஃப்ஸ் இல்லாம பிரென்ட்ஃபோர்ட் ஆட்டம் நம்ம கையை விட்டுப் போயிருக்கும்.

---

நடுவரிசை | 2 செப்டம்பர்

பெஞ்ச்பார்வை, லெஃப்ட் பேக் இடத்துக்கு வழி இருக்கிறது. ட்ரை ஹ்யூம் வலது கால் ஆள், ஆனால் இடப்பக்கமும் தடுக்கத் தெரிந்தவர். இப்போது வலப்பக்கத்துக்கு முக்கியேலே, ஹெர்ட்ரூடா என்று இரண்டு பேர், இருவரும் டிசம்பரில் எங்கேயும் போகாதவர்கள். அவர்களில் ஒருவரை வலப்பக்கம் நிறுத்தி ஹ்யூமை இடப்பக்கம் கொண்டுபோகலாம். அவர் உள்ளே வெட்டித்தான் பந்து கொடுப்பார், வெளிக்கோட்டில் ஓடி இடது காலால் கிராஸ் போட மாட்டார். எனவே அவருக்கு முன்னால் கோட்டை ஒட்டி நின்று அகலம் கொடுக்கும் விங்கர் வேண்டும். லெ ஃபேயை அங்கே போட்டால் இருவரும் உள்ளே வந்து மோதிக்கொள்வார்கள். விங்கர் மண்டில் உடல் தேறி வந்தால் அவர். நவம்பரில் ஒரு ஆட்டத்திலாவது இதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.